கவர்னர் ஐயா தூங்காதபடிக்கு

அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவரை ஸ்தோத்திரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பால் பொங்கி வழிந்தாலும் ஸ்தோத்திரம், வழிவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டாலும் ஸ்தோத்திரம். பஸ் கிடைத்தால் ஒன்று, கிடைக்காவிட்டால் இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை, "உங்களுக்கு எதுக்குத்தான் ஸ்தோத்திரம் வராது?" என்று கேட்டுவிட்டார். அம்மா கொஞ்சம் யோசித்து, "பல்வலிக்கு மட்டும் கொஞ்சம் லேட்டா வரும்" என்றாராம்.

அவருடைய ஜெபம் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். அதற்குக் காரணம் உண்டு. கணவர் நெசவாலையில் வேலை பார்த்துக் காது மந்தமானவர். அந்த வீட்டில் உப்பு கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். ஆமென் சொல்ல வேண்டிய மனுஷனுக்கு ஜெபம் கேட்க வேண்டாமா என்று அதையும் உரக்கச் சொல்லப் பழகிக்கொண்டார். கணவர் போய்ச் சேர்ந்த பிறகும் குரல் இறங்கவில்லை.

"ஏம்மா இப்படிக் கத்துற? ஆண்டவருக்குக் காது கேக்காதா?" என்பாள் மகள்.

"அவருக்குக் கேக்கும். உனக்குக் கேக்கணும்ல" என்பார் அம்மா.

ஜெபத்தில் அவர் வரம் கேட்பது குறைவு, தகவல் சொல்வதுதான் அதிகம். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் குழாய் ஒழுகுகிறது, யார் யாரோடு பேசுவதில்லை என்று எல்லாம் விவரமாய் மேலே போய்ச் சேரும். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் விவரம் கிடையாது. வீட்டில் யாராவது தப்பு செய்திருந்தால், அதைப் பெயர் சொல்லிப் போட்டுக்கொடுக்க மாட்டார். பெருமூச்சு விட்டு, "நீர் அறிவீர்" என்று ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திக்கொள்வார். சின்ன வயதில் மகளுக்கு அடியைவிட அந்த 'நீர் அறிவீர்'தான் அதிகம் வலித்தது. அடித்தால் அழுதுவிட்டு மறந்துவிடலாம். இதற்கு என்ன செய்வது?

ஓய்வு பெறும்வரை ஸ்தோத்திரம்மாவுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணிப் பிரிவில் வேலை. துவைத்துக் காய்ந்து வரும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையை யார் பிடித்தாலும் சரி, இவர் தன் முனையிலிருந்து, "இதுல படுக்கிறவங்க எந்திரிச்சு நடந்து வீட்டுக்குப் போகணும், ஆண்டவரே" என்று ஒரு வரி சொல்லாமல் மடிப்பு விழாது. "சீக்கிரம் மடிங்கக்கா, அவங்க எந்திரிக்கிறதுக்குள்ள நமக்கு ரிட்டையர்மென்ட் வந்துடும்" என்று எதிர்முனைக்காரி சலித்துக்கொள்வாள். ஆனால் அவளுடைய அப்பாவே அந்த ஆஸ்பத்திரியில் வந்து படுத்தபோது, "அக்கா, அவருக்குப் போடுற விரிப்பை நீங்களே மடிச்சுக் குடுங்க" என்று வந்து நின்றாள்.

மகள் லிஃப்ட் மெக்கானிக். பெண்ணுக்கு எதற்கு இந்த எண்ணெய்ப் பிசுக்கு வேலை என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு மூக்கை நுழைத்தார்கள். "மேல கீழ போய்வர்ற வேலைதானே, என் ஜெபம் மாதிரி" என்று அம்மா அவர்கள் வாயை அடைத்துவிட்டார். அந்தக் கவர்னர் கதை ஆரம்பித்ததும் அப்போதுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவள், பெரிய அனுபவசாலி மாதிரி, "எல்லாம் கவர்னர் கையிலதாம்மா இருக்கு. கவர்னர் தூங்கிட்டா எல்லாரும் காலி" என்று சொல்லிவைத்தாள். கவர்னர் என்பது ஒரு சக்கரம். கட்டடத்தின் உச்சியில், லிஃப்டின் மோட்டார் இருக்கும் அறையில் சுற்றிக்கொண்டிருக்கும். லிஃப்ட் அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கினால் அந்தச் சக்கரத்தின் தாடை, லிஃப்டோடு கட்டி அதன்மேல் ஓடும் தனிக் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும். கயிறு நின்றதும் லிஃப்டின் அடியில் இருக்கும் ஆப்புகள், லிஃப்ட் பற்றி ஏறி இறங்கும் இரண்டு பக்க இரும்புத் தண்டவாளத்தையும் கடித்து, இருக்கிற இடத்திலேயே நிறுத்திவிடும். அவ்வளவுதான் சங்கதி. ஸ்தோத்திரம்மாவோ அது யாரோ மேலதிகாரி என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மகளின் தலையில் கை வைத்து ஜெபித்தார். "ஆண்டவரே, என் மக வேலை பாக்குற இடத்துல இருக்கிற அந்த கவர்னர் ஐயாவை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன். அவருக்கு நல்ல மனசைத் தாரும். அவர் கண் அசந்து தூங்காதபடிக்குப் பாத்துக்கொள்ளும்."

மகளுக்குத் தேநீர் புரையேறியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலைக்கு ஓடினாள். திருத்தவில்லை. முதலில் வேடிக்கைக்காக விட்டுவைத்தாள். பிறகு பார்த்தால் அம்மா தன் ஜெபக்குழுவிலும் கவர்னர் ஐயாவைச் சேர்த்திருந்தார். குழுவில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா, "ஆளுறவங்களுக்காக ஜெபிக்கணும்னு நமக்கெல்லாம் தோணவே இல்ல பாருங்க" என்று பாராட்டி, அதை வாராந்தர விண்ணப்பமாகவே ஆக்கிவிட்டார். வாரம் தவறாமல் ஒரு கூட்டம் பெண்கள் முழங்காலில் நின்று ஒரு இரும்புச் சக்கரத்தின் நல்ல மனசுக்காக மன்றாடிக்கொண்டிருந்தார்கள். இனி எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

அவள் வாயைத் திறக்காததற்கு வேறு காரணமும் இருந்தது. அப்பா கடைசியாய்ப் படுத்தபோது, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அம்மா ஜெபிக்க ஜெபிக்க, மகள் வரிக்கு வரி தொண்டை வற்ற ஆமென் சொன்னாள். அப்பா பிழைக்கவில்லை. உடலை எடுக்கும்போது அம்மா அழுகைக்கு நடுவில் "ஸ்தோத்திரம்" என்றார். மகளுக்கு அது நெஞ்சில் அறைந்தது போல இருந்தது. எதற்கு ஸ்தோத்திரம்? அன்றோடு அவள் ஆமென் சொல்வதை நிறுத்திவிட்டாள். அம்மா ஏன் என்று கேட்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. காலையில் கை வைப்பதை மட்டும் விடவில்லை. மகளும் தலையைக் கொடுப்பாள், காதைக் கொடுக்க மாட்டாள். ஜெபம் நடக்கும்போது அன்றைய வேலைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருப்பாள். அம்மா ஆமென் என்றதும் தேநீரை எடுப்பாள். பல வருஷமாய் இப்படியே ஓடியது.

பிறகுதான் அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தின் வேலை வந்தது.

பழைய கட்டடம், ஒரே லிஃப்ட். ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுநின்று போகிறது என்று புகார். போய்ப் பார்த்தால், கவர்னரின் கயிறு நாள்பட்டு நீண்டு தொய்ந்திருந்தது. கயிற்றை விறைப்பாய் வைப்பதற்காகக் கீழே குழிக்குள் தொங்கும் எடைக்கல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கயிறு தொய்ந்தால் சக்கரம் ஒழுங்காய்ச் சுற்றாது, சுற்றாத சக்கரத்துக்கு லிஃப்டின் வேகம் தெரியாது. அதனால் அப்படி ஆகும்போது லிஃப்டை ஓடவிடாமல் நிறுத்துவதற்கென்றே அங்கே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. கயிற்றை வெட்டிக் குறுக்க இரண்டு பேர் வேண்டும், பகல் முழுக்க லிஃப்டை நிறுத்த வேண்டும்.

சூப்பர்வைசருக்கு போன் போட்டாள். "ஆள் இல்லம்மா இப்ப" என்றார் அவர். "அந்த சுவிட்ச் வேலை செய்யாதபடி ஒரு வயரைப் போட்டு ஓட விட்டுட்டு வா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"சார், கவர்னர் இருந்தும் இல்லாத மாதிரி ஆயிடும்."

"இத்தனை வருஷத்துல எந்த கவர்னராவது வேலை செஞ்சு நீ பாத்திருக்கியா? போடும்மா."

பக்கத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "மேல வயசானவங்க இருக்காங்க. படியில நீங்க தூக்கிட்டுப் போவீங்களா?" என்று கேட்டார்.

மகள் பையிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்தாள். செய்யக்கூடாது என்று தெரியும். தெரிந்தேதான் போட்டாள். லிஃப்ட் ஓடியது, செயலாளரின் முகம் மலர்ந்தது. வெளியே வரும்போது வாட்ச்மேன், "இப்பல்லாம் லிஃப்ட் தரைக்கு ரெண்டு விரல் கீழ இறங்கி நிக்குதும்மா, தட்டி விழப் பாக்குறாங்க" என்றார். "அடுத்த தடவை வர்றப்ப பாக்கலாம்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் தலைமேல் கை வந்தது. மகள் வழக்கம்போல் காதை மூடிக்கொண்டாள். யார் யாருடைய தகவலோ மேலே போய்க்கொண்டிருந்தது. நடுவில் கவர்னர் ஐயா வந்தார், அவர் கண் அசந்து தூங்காதபடிக்கு என்ற பழைய வரியும் வந்தது. அது காதில் விழுந்ததும் முள் குத்தியது போல இருந்தது. கடைசியில் அம்மா பெருமூச்சு விட்டு, "நீர் அறிவீர்" என்றார்.

ஆமென் ஆனதும் மகள் தேநீரைத் தொடவில்லை. "யாரைச் சொன்ன?"

"எதை?"

"நீர் அறிவீர்னியே."

"உன்னைத்தான். நேத்து வந்ததுல இருந்து நீ சரியா சாப்பிடல, முகமும் சரியில்ல. என்னன்னு எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியுமேன்னு சொன்னேன்."

"தெரிஞ்சா அவரே வந்து சரி பண்ணட்டும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அம்மா வாசல்வரை வந்தார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்றைக்கு அவளுக்கு வேலை ஊரின் மறுகோடியில், ஒரு கடைவளாகத்தில். லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். கை வேலை செய்துகொண்டிருக்க, மனம் சும்மா கிடந்தது. அந்தச் சும்மாக் கிடந்த மனதுக்குள் காலையில் கேட்காமல் விட்ட ஜெபம் ஒன்றொன்றாய் மேலே வர ஆரம்பித்தது. காதைக் கொடுக்காவிட்டாலும் காது வாங்கித்தான் வைத்திருக்கிறது. குழாய் ஒழுகும் வீடு, காய்ச்சல்காரக் குழந்தை, அதற்குப் பிறகு இது.

"இன்னிக்கு எங்க குழு தையல்காரம்மா வீட்டுல கூடுறோம், ஆண்டவரே. ஒன்பதாம் மாடிதான், ஆனா எங்க முட்டிக்குக் கவலை இல்ல. என் மக பாக்குற லிஃப்ட் அங்க இருக்கு. ஸ்தோத்திரம்."

எண்ணெய்க் குப்பி கையிலிருந்து நழுவி விழுந்தது.

ஒன்பதாம் மாடித் தையல்காரம்மா. நேற்று அவள் வந்துபோனதை அவர்தான் அம்மாவுக்கு போனில் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கட்டடம்தான். அந்த நினைப்போடு வாட்ச்மேன் சொன்னதும் சேர்ந்துகொண்டது. தரைக்கு இரண்டு விரல் கீழே இறங்கி நிற்கிறது. நேற்று அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இன்று அதன் அர்த்தம் பளிச்சென்று தெரிந்தது. ப்ரேக் வழுக்குகிறது. ப்ரேக் வழுக்கும் லிஃப்டில் கவர்னரையும் தூங்கவைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அம்மாவுக்கு போன் அடித்தாள். ஜெபக்கூட்டம் என்றால் அந்த போன் சத்தத்தை அடைத்துக்கொண்டு கைக்குட்டைக்குள் சுருண்டு பைக்குள் படுத்துவிடும். செயலாளருக்கு அடித்தாள், வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மறுபடி அம்மாவுக்கு அடித்தாள். பிறகு போனைப் பையில் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இன்னும் கிளம்பியிருக்க மாட்டார்கள். டீச்சரம்மா எப்போதும் தாமதம். ஒன்றுமே ஆகாது, எத்தனையோ லிஃப்ட் இதைவிட மோசமாய் ஓடுகிறது. பாதி வழியில் சிக்னல் விளக்குகள் அணைந்து கிடந்தன. கடைகளுக்குள் இருட்டு. அந்தப் பகுதி முழுக்கக் கரண்ட் போயிருந்தது. அதற்கு மேல் அவளிடம் சமாதானம் எதுவும் மிச்சமில்லை.

கட்டடத்துக்குள் நுழையும்போது வாட்ச்மேன் ஜெனரேட்டர் அறையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

"நல்லவேளை வந்தீங்கம்மா" என்றார். "உங்கம்மாவும் மத்த அம்மாக்களும் இப்பதான் ஏறினாங்க. கரண்ட் போயிடுச்சு. நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல நிக்குது. ஜெனரேட்டரைப் போட்டா கிளம்பிடும்."

"போடாதீங்கண்ணே. எதையும் தொடாதீங்க. எத்தனை பேர் உள்ள?"

"லிஃப்ட் ரொம்பிப் போச்சு. ஒரு டீச்சரம்மா படியிலயே வர்றேன்னுதான் சொன்னாங்க. உங்கம்மாதான், 'என் மக பாக்குற லிஃப்ட், தைரியமா ஏறுங்க'ன்னு கையைப் பிடிச்சு ஏத்தினாங்க."

மகள் தரைத்தளத்தில் லிஃப்டின் கதவில் காதை வைத்தாள். மேலே, தூரத்தில், பெண்கள் பாடும் சத்தம். பாட்டுக்கு அடியில் இன்னொரு சத்தம், பழைய கட்டில் முனகுவது போல விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. கூட்டத்தைத் தாங்க முடியாமல் லிஃப்ட் மெதுவாய்க் கீழே வழிந்துகொண்டிருந்தது. வாட்ச்மேனை நான்காம் மாடிக்கு வரச் சொல்லிவிட்டுப் படியில் ஏறினாள்.

நான்காம் மாடியைத் தாண்டும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் தெளிவாய்க் கேட்டது. "யாரும் ஆடாதீங்க. பாட்டை விடாதீங்க." நின்று ஒரு வார்த்தை சொல்லலாமா என்று தோன்றியது. என்ன சொல்வது? நிற்காமல் ஓடினாள்.

இயந்திர அறையைத் திறந்ததும் எண்ணெய் வாடை அடித்தது. முதல் வேலையாய் மெயின் சுவிட்சை இறக்கினாள். டார்ச்சை அடித்துப் பார்த்தாள். ப்ரேக் மேலெல்லாம் எண்ணெய் கசிந்து பளபளத்தது. லிஃப்ட் எந்த மாடியில் இருக்கிறது என்று தெரிவதற்காக, லிஃப்டைத் தாங்கும் கயிறுகளில் மஞ்சள் வண்ணத்தில் குறி போட்டிருப்பார்கள். அந்த மஞ்சள் குறி நகர்ந்துகொண்டிருந்தது. நத்தை ஊர்வதைவிட மெதுவாய், ஆனால் நிற்காமல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தடவை சரக்கென்று வழுக்கி, மறுபடி மெதுவானது. கீழேயிருந்து ஒரு கூச்சல் வந்து அடங்கியது. பாட்டு நின்றுபோயிற்று.

மூலையில் கவர்னர் அசையாமல் நின்றது. கயிறு அதன்மேல் தொளதொளவென்று கிடந்தது. தானாக அது இனி எதையும் பிடிக்காது. ஆனால் கையால் அதன் தாடையைத் தட்டி இறக்க முடியும். இறக்கினால் அது கயிற்றைக் கவ்வும். லிஃப்ட் இன்னும் கொஞ்சம் இறங்கும்போது கயிறு இழுபட்டு ஆப்புகள் கடிக்க வேண்டும். கடிக்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறாள். இவ்வளவு தொய்ந்த கயிற்றில், இவ்வளவு பழைய ஆப்புகளில், ஆள் நிறைந்த லிஃப்டில் செய்து பார்த்ததில்லை.

தாடையை இறக்கினாள். இறங்கவில்லை, பிசுக்கு பிடித்திருந்தது. சுத்தியலால் தட்டினாள். மறுபடி தட்டினாள். அவள் வாய் அவளை அறியாமலே பேசிக்கொண்டிருந்தது. "முழிச்சுக்கோங்க ஐயா. ஐயா, முழிச்சுக்கோங்க." மூன்றாவது தட்டில் தாடை விழுந்து கயிற்றைக் கவ்வியது.

இனி அவள் செய்ய ஒன்றும் இல்லை. லிஃப்ட் இறங்க வேண்டும். இறங்கினால்தான் பிடிக்கும். மஞ்சள் குறியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது ஊர்ந்தது. இன்னும் ஊர்ந்தது. தொய்வு தீர்ந்து கயிறு விறைத்துக் கம்பி போல நிமிர்ந்தது. கீழே இரும்பு இரும்பைக் கடிக்கும் சத்தம் கட்டடமே அதிரும்படி கேட்டது. குறி நின்றது.

நின்றேவிட்டதா என்று பார்த்தாள். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அசையவில்லை. போன உயிர் திரும்பி வந்தது.

ஐந்தாம் மாடிக்கு இறங்கி, சாவி போட்டு வெளிக்கதவைத் திறந்தாள். லிஃப்டின் கூரை முழங்கால் ஆழத்தில் தெரிந்தது. அதில் இறங்கி, கவர்னர் கயிறு இழுத்த நெம்புகோல் முழுக்க ஏறி இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். இறுகியிருந்தது. அவள் காலுக்கடியில், தகரக் கூரைக்கு அந்தப் பக்கம், அம்மா ஜெபிக்க ஆரம்பித்திருந்தார். அதே உரத்த குரல்.

"ஆண்டவரே, எங்களைப் பிடிச்சுக்கிட்டதுக்கு ஸ்தோத்திரம். அந்த கவர்னர் ஐயா எங்க இருக்காரோ, என்ன கஷ்டத்துல இருக்காரோ. அவர் மேல யாரும் கோபப்படாதபடிக்குப் பாத்துக்கொள்ளும். அவரும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே. என் மகளுக்கு இந்தச் சேதி போய் அவ பதறிடாதபடிக்கு அவ மனசைத் தாங்கும்."

மற்றவர்கள் அழுகையோடு ஆமென் என்றார்கள். மகள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமாய் மேலே போய்க்கொண்டிருந்த ஜெபத்தை, மேலேயிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. அவள் கூரையிலிருந்த சின்னக் கதவைத் திறந்தாள். வெளிச்சம் பட்டு எல்லா முகமும் அண்ணாந்து பார்த்தது.

"என் மக வந்துட்டா" என்றார் ஸ்தோத்திரம்மா, மற்றவர்களைப் பார்த்து. "நான்தான் சொன்னேன்ல."

"அம்மா" என்றாள் மகள். "கவர்னர்னு ஆள் யாரும் இல்லம்மா. அது ஒரு சக்கரம். லிஃப்ட் விழுந்தா பிடிக்கிற சக்கரம். அது சரியில்லாதப்ப லிஃப்ட் ஓடவே கூடாது. நேத்து ஒரு வயரைப் போட்டு ஓட விட்டது நான்தான். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

டீச்சரம்மா ஸ்தோத்திரம்மாவைப் பார்த்தார். அவருடைய கை இன்னும் ஸ்தோத்திரம்மாவின் கைக்குள்தான் இருந்தது. மெதுவாய் அதை உருவிக்கொண்டார். மகள் அதைப் பார்த்தாள். வாழ்நாளில் அவள் பார்த்ததிலேயே அதுதான் கொடுமையாய் இருந்தது.

"சக்கரமா?" என்றார் அம்மா கடைசியில்.

"ஆமாம்மா."

"இவ்வளவு வருஷமா ஏன் சொல்லல?"

"சிரிப்பா இருந்துச்சு. அப்புறம் சொல்ல முடியல."

அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். "சரி. முதல்ல இவங்களைப் பத்திரமா இறக்கு. டீச்சரை முதல்ல இறக்கு, அவங்கதான் ஏற மாட்டேன்னு சொன்னாங்க. என்னைக் கடைசியா இறக்கு."

லிஃப்டின் தரை நான்காம் மாடிக்கு ஒரு முழம் மேலே நின்றிருந்தது. மகள் நான்காம் மாடிக் கதவைத் திறந்துவிட, வாட்ச்மேன் ஸ்டூல் போட்டுக் கை கொடுக்க, ஒவ்வொருவராய் இறங்கினார்கள். தையல்காரம்மா ஒன்பதாம் மாடியிலிருந்து படியில் இறங்கி வந்து, ஆளாளுக்குத் தண்ணீர் கொடுத்தார். டீச்சரம்மா சுவரோரம் உட்கார்ந்து, தண்ணீரை வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியாய் இறங்கிய ஸ்தோத்திரம்மா நேரே அவர் முன்னால் போய் நின்று, "என் வார்த்தையை நம்பித்தான் ஏறினீங்க. மன்னிச்சுடுங்க" என்றார். மகள் செய்த தப்புக்கு அம்மா கைகூப்பிக்கொண்டு நின்றார். மகளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

சூப்பர்வைசர் போனில் வந்தார். "ப்ரேக்ல எண்ணெய் கசிஞ்சதுன்னு மட்டும் சொல்லு. வயரைப் பத்தி வாயைத் திறக்காத."

"சொல்லிட்டேன் சார்."

"யார்கிட்ட?"

"உள்ள இருந்தவங்ககிட்ட."

"உன்னை யாரு சொல்லச் சொன்னது?"

"ஜெபம் பண்ணிட்டிருந்தாங்க சார். நான் மேல இருந்தேன்" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. காலையில் பெரிய ஆபீசுக்கு வரச் சொன்னார். வரும்போது கருவிப் பையையும் சாவிக்கொத்தையும் கொண்டு வந்துவிடச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அந்த லிஃப்டைப் பூட்டி, எல்லா மாடியிலும் ஓடாது என்று அட்டை தொங்கவிட்டு, செயலாளரின் திட்டையும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் காலை பையும் சாவிக்கொத்தும் மேசைமேல் தயாராய் இருந்தன. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மகள் தலையைக் கொடுத்தாள், கை வந்து அமர்ந்தது. "ஆண்டவரே" என்று தொடங்கிய ஸ்தோத்திரம்மா அப்படியே நின்றுவிட்டார். மகள் காத்திருந்தாள். இத்தனை காலத்தில் அந்தக் குரல் நடுவில் தடைப்பட்டு அவள் கேட்டதில்லை.

"இன்னிக்கு நீ சொல்லு" என்றார் அம்மா.

"நானா?"

"எனக்கு அங்க இருக்கிற எது சக்கரம், எது மனுஷன்னே தெரியல. உனக்குத்தான் தெரியும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். தலைமேல் இருந்த கை எடுபடாமல் அப்படியே இருந்தது. படுக்கை விரிப்புகளை மடித்து மடித்துத் தேய்ந்த கை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில் அம்மாவின் வார்த்தைதான் வந்தது.

"ஆண்டவரே" என்றாள், முணுமுணுப்பாய். "அந்த வயரைப் போட்டது சூப்பர்வைசர் இல்ல, செயலாளர் இல்ல. நான்தான். நீர் அறிவீர்."

"சத்தமா சொல்லு" என்றார் அம்மா.

"அவருக்குக் கேக்கும்மா."

"எனக்குக் கேக்கணும்ல."

மகள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மூன்று வீடு தாண்டிக் கேட்கும்படி மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இன்றைக்குப் பெரிய ஆபீசில் போய் இதையே சொல்ல வேண்டும், பயத்தில் மாற்றிச் சொல்லிவிடாதபடிக்குப் பார்த்துக்கொள்ளும் என்றும், டீச்சரம்மா மறுபடி அம்மாவின் கையைப் பிடிக்க வேண்டும் என்றும், இனி தன் கண் அசந்து போகக்கூடாது என்றும் கேட்டாள். முடிந்ததும் முடிக்கத் தெரியாமல் நின்றாள்.

"ஆமென்" என்றார் ஸ்தோத்திரம்மா.